கேளுங்கள், சொல்கிறேன்: எது நம்மைச் சேர்த்து வைத்திருக்கிறது?

குடியரசு தினத்தை ஒட்டி வந்த இதழில், "இத்தனை வித்தியாசமான மக்களை ஒரே நாடாக எது சேர்த்து வைத்திருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "நம் குறையைச் சொன்னால் காது கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி கோபம், பாதி சந்தேகம். ஒரு வரியில் முடித்தது என் தப்புதான். இந்த வாரம் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

"மொழி வேறு, சாப்பாடு வேறு, சாமி வேறு, கல்யாணச் சடங்கு வேறு. நம்பிக்கை என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறீர்களே, கையில் பிடித்துக் காட்ட ஏதாவது உண்டா?"
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தேனி

உண்டு ஐயா, ஓட்டுச் சீட்டு. 1951-52ல் நடந்த முதல் பொதுத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள். 1951 கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். படிக்காதவர்களுக்கு எதற்கு ஓட்டு, சொத்து இல்லாதவர்களுக்கு எதற்கு ஓட்டு என்று கேட்டவர்கள் அன்றைக்கு நிறைய இருந்தார்கள். அதையெல்லாம் தள்ளிவிட்டு, 21 வயதான எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு ஓட்டு என்று கொடுத்தார்கள். பெயரைப் படிக்க முடியாதவர்களுக்காகச் சின்னம் வந்தது, சின்னத்துக்கு ஒரு பெட்டி வைத்தார்கள். (சுவிட்சர்லாந்தில் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடப் பெண்கள் 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.)

அந்தத் தேர்தலில் எனக்கு மறக்காத ஒரு விஷயம் பெயர்ப் பதிவு. வட இந்தியாவில் லட்சக்கணக்கான பெண்கள், வெளி ஆளிடம் சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தால், "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே எழுதிக்கொடுத்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் வேண்டும் என்றார், கடைசியில் சுமார் 28 லட்சம் பெயர்கள் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன. அவ்வளவு பெண்கள் அந்த முறை ஓட்டுப் போட முடியாமல் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. ஆனாலும், ஒரு அரசாங்கம் அந்தப் பெண்ணைப் பார்த்து "உன் பெயர் என்னம்மா?" என்று கேட்டது, அநேகமாக அவள் பரம்பரையிலேயே முதல் தடவை. இந்த நாட்டில் நீயும் ஒரு ஆள் என்று அவளுக்குச் சொன்ன கேள்வி அது. கையில் பிடித்துக் காட்டு என்றால் நான் அதைத்தான் காட்டுவேன்.

"எல்லோரும் ஒரே மொழி பேசினால் ஒற்றுமை தானாக வருமே? நம் தேசிய மொழி இந்திதானே, அதைப் படித்தால் என்ன குறைந்துவிடும்?"
– தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

இந்தி படிப்பதால் எதுவும் குறையாது, நானே படித்திருக்கிறேன். ஆனால் கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. இந்தியாவுக்குத் தேசிய மொழி என்று அரசியலமைப்பில் எதுவும் கிடையாது. 343வது பிரிவு இந்தியை ஒன்றிய அரசின் அலுவல் மொழி என்று சொல்கிறது, அவ்வளவுதான். எட்டாவது அட்டவணையில் ஆரம்பத்தில் 14 மொழிகள் இருந்தன, இப்போது 22. உங்கள் பையில் உள்ள ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், இந்தி, ஆங்கிலம் போக இன்னும் 15 மொழிகளில் அதன் மதிப்பு எழுதியிருக்கும்.

ஒரே மொழி வந்தால் ஒற்றுமை வரும் என்பதை நம் அக்கம்பக்கத்திலேயே இரண்டு நாடுகள் செய்து பார்த்துவிட்டன. 1948ல் ஜின்னா டாக்காவுக்குப் போய், பாகிஸ்தானின் அரசு மொழி உருது மட்டும்தான் என்று சொன்னார். அந்த நாட்டில் பாதிக்கு மேற்பட்டவர்களின் தாய்மொழி வங்காளம். மதம் ஒன்று, கொடி ஒன்று, தலைவரும் ஒன்று, ஆனாலும் 1952 பிப்ரவரி 21 அன்று மாணவர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். பிற்பாடு வங்காளத்தையும் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் விழுந்த விரிசல் அடைபடவில்லை, 1971ல் வங்கதேசம் தனி நாடு. இலங்கையில் 1956ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா நாடாளுமன்றத்தில் எச்சரித்தார்: இரண்டு மொழி என்றால் ஒரே நாடு, ஒரே மொழி என்றால் இரண்டு நாடு என்று. கேட்கவில்லை. அதைவிட வேதனை, 1972 அரசியலமைப்பை உருவாக்கும் பொறுப்பு அவரிடமே வந்தபோது, அதே சிங்களம் மட்டும் என்பது அந்தச் சட்டத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் பொதுமொழியே கூடாதா? அப்படியும் சொல்லமாட்டேன். இந்தோனேசியா ஒன்றைத் தேர்ந்தெடுத்தது, வெற்றியும் பெற்றது. அங்கே ஜாவா மக்கள்தான் பெரிய கூட்டம், கிட்டத்தட்ட நாற்பது சதவீதம். ஆனால் 1928 அக்டோபர் 28 அன்று இளைஞர் மாநாட்டில் கூடியவர்கள் ஜாவா மொழியைப் பொதுமொழியாக்கவில்லை. சிறு கூட்டத்துக்கு மட்டுமே தாய்மொழியாக இருந்த, ஆனால் துறைமுகச் சந்தைகளில் எல்லோரும் பேசிப் பழகிய மலாயை எடுத்து, அதற்கு இந்தோனேசிய மொழி என்று பெயர் வைத்தார்கள். பெரியவன் தன் மொழியைத் திணிக்காமல் விட்டுக்கொடுத்தான், அதனால் சின்னவன் பயமில்லாமல் சேர்ந்தான்.

நம் நாட்டிலும் தட்டுத்தடுமாறி அந்தப் பாடத்தைப் படித்தோம். ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிரை விட்ட பிறகுதான் மறு ஆண்டு ஆந்திரா வந்தது, 1956ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. மொழிக்கு ஒரு மாநிலம் என்று கொடுத்தால் நாடு துண்டாகிவிடும் என்று டெல்லியில் பெரிய பெரிய ஆட்கள் பயந்தார்கள். நடந்தது நேர் எதிர். அப்புறம் 1965ல் தமிழ்நாட்டில் ரத்தம் சிந்தியது, 1967ல் சட்டம் திருத்தப்பட்டது, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று. ஒவ்வொரு தடவையும் உயிர் போன பிறகே கேட்டார்கள் என்பது கசப்பான விஷயம்தான். ஆனால் கேட்டார்கள், டாக்காவுக்கும் நமக்கும் அதுதான் வித்தியாசம்.

"தனிநாடு கேட்டவர்களோடு பேச்சுவார்த்தை நடத்துவது, பதவி கொடுப்பது எல்லாம் கோழைத்தனம். இரும்புக் கரம் கொண்டு அடக்குவதுதான் நாட்டுக்கு நல்லது. சரிதானே?"
– முன்னாள் ராணுவ வீரர், வேலூர்

உங்கள் சேவைக்கு வணங்குகிறேன் ஐயா. ஆனால் இதில் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை, காரணம் மிசோரம். வங்கி வேலையில் நான்கு வருடம் கவுகாத்தியில் இருந்தபோது, மிசோ மலைகளில் இருந்து வந்த சக ஊழியர் ஒருவர்தான் எனக்கு முதன்முதலில் இந்தக் கதையைச் சொன்னார், அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

அந்த மலைகளில் ஒரு வகை மூங்கில் ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கும். பூத்துக் காய்த்ததும் எலிகள் அந்த விதையைத் தின்று லட்சக்கணக்கில் பெருகும், விதை தீர்ந்ததும் நெல் வயலுக்குள் இறங்கும், பஞ்சம் வரும். மௌதாம் என்று அதற்குப் பெயர். 1950களின் கடைசியில் மூங்கில் பூக்கப்போகிறது, முன்னேற்பாடு செய்யுங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் எச்சரித்தார்கள். அப்போது அது அசாமில் ஒரு மாவட்டம். எச்சரிக்கையை மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1959ல் மூங்கில் பூத்தது, எலி வந்தது, பசி வந்தது. ஊர் ஊராக அரிசி சுமந்துகொண்டுபோன இளைஞர்கள் மிசோ தேசியப் பஞ்ச முன்னணி என்று ஒரு அமைப்பு ஆரம்பித்தார்கள். லால்டெங்கா அதன் தலைவர். 1961ல் பெயரில் இருந்த பஞ்சத்தை எடுத்துவிட்டார்கள், மிசோ தேசிய முன்னணி ஆனது. 1966 மார்ச் 1 அன்று சுதந்திரப் பிரகடனம்.

இரும்புக் கரம் என்றீர்களே, அது அங்கே முழுதாகவே காட்டப்பட்டது. 1966 மார்ச் 5 அன்று அய்சால் நகரத்தின் மேல் இந்திய விமானப்படை விமானங்கள் குண்டு போட்டன. கிராமங்களைக் காலி செய்து, மக்களைச் சாலையோர முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் கலவரம் அடங்கியதா? இருபது வருடம் ஓடியது. முடித்து வைத்தது 1986 ஜூன் 30 அன்று போட்ட ஒப்பந்தம். ஆயுதத்தைக் கீழே வைத்த லால்டெங்கா சில வாரங்களில் முதலமைச்சர் ஆனார். மறு வருடம் மிசோரம் தனி மாநிலம். மிசோ மக்களின் மதம், சமூக வழக்கங்கள், நில உரிமை பற்றிய நாடாளுமன்றச் சட்டம் எதுவும் அவர்கள் சட்டமன்றம் ஒப்புக்கொள்ளாமல் அங்கே செல்லாது என்று 371ஜி பிரிவு வந்தது. லால்டெங்கா இரண்டே வருடத்தில் ஆட்சியை இழந்தார், துப்பாக்கியைத் திரும்ப எடுக்கவில்லை, எதிர்க்கட்சியாக உட்கார்ந்தார்.

2007 வாக்கில் மூங்கில் மறுபடி பூத்தது. அப்போது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் சோரம்தங்கா, காட்டில் லால்டெங்காவின் வலது கையாக இருந்தவர். பஞ்சத்தால் பிறந்த இயக்கம், அடுத்த பஞ்சம் வந்தபோது அரசாங்கமாக இருந்தது. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊர்க் கதையும் அதே திசைதான். திராவிட நாடு கேட்ட அண்ணா 1962ல் சீனப் போர் வந்ததும் நாட்டின் பக்கம் நின்றார், மறு வருடம் கட்சி அந்தக் கோரிக்கையையே விட்டது, நான்கு வருடத்தில் ஆட்சிக்கு வந்தது, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரும் வைத்தது. ஓட்டுப் பெட்டி திறந்திருந்தது, அதனால் வேறு கதவைத் தட்ட அவசியம் வரவில்லை. காஷ்மீரைக் காட்டி, நாகாலாந்தைக் காட்டி எல்லா இடத்திலும் இது பலிக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை, பலிக்கவில்லை. ஆனால் பலித்த இடங்களில் எப்படிப் பலித்தது என்பதைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

"தேசிய கீதம் பாட மறுப்பவரை என்ன செய்யலாம்?"
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ஒன்றும் செய்ய வேண்டாம் தம்பி. 1985ல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கைப்படி பாடவில்லை. பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டியின் அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நம் மரபு சகிப்பைக் கற்றுத் தருகிறது, நம் தத்துவம் சகிப்பைப் போதிக்கிறது, நம் அரசியலமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்க்கச் செய்ய வேண்டாம் என்பது அந்தத் தீர்ப்பின் கடைசிப் பகுதி. எனக்கு அந்தக் கீதம் கேட்கும்போது இன்றும் சிலிர்க்கும், ஆனால் பக்கத்து ஆளுக்குச் சிலிர்க்கிறதா என்று பார்ப்பது என் வேலை இல்லை.

"கிரிக்கெட் மேட்ச் நடக்கும்போது மட்டும்தான் நாம் எல்லோரும் இந்தியர் ஆகிறோம். உண்மையா?"
– வாசகி, சேலம்

அந்த மூன்று மணி நேரச் சந்தோஷம் நல்லதுதான் அம்மா, எனக்கும் பிடிக்கும். ஆனால் தோற்ற அன்றைக்கு ஒரு ஆட்டக்காரரின் மதத்தைச் சொல்லித் திட்டுகிறார்களே, அந்த அன்றைக்குத்தான் உண்மை தெரிகிறது.

"நாம் கட்டுகிற வரி வடக்கே போகிறது, நமக்குத் திரும்பி வருவது சொற்பம். இதுவும் ஒற்றுமையா?"
– சிறு தொழில் நடத்துபவர், கோவை

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2021-26 காலத்துக்கான 15வது நிதிக்குழு கணக்குப்படி மாநிலங்களுக்குப் பகிரப்பட்ட வரியில் நூறு ரூபாய்க்குத் தமிழ்நாட்டுக்கு ஏறக்குறைய 4 ரூபாய் 8 காசு. உத்தரப் பிரதேசத்துக்கு 17 ரூபாய் 94 காசு. 2011 கணக்குப்படி நாட்டின் மக்கள்தொகையில் நாம் சுமார் 6 சதவீதம் என்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் கோபம் புரிகிறது.

ஆனாலும் பகிர்வதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கோவையில் வசூலாகும் வரியில் தர்மபுரியிலும் ராமநாதபுரத்திலும் பள்ளிக்கூடம் கட்டுகிறோம், யாரும் கேள்வி கேட்பதில்லை, அவர்கள் நம் ஆட்கள் என்று நினைக்கிறோம். பீகார்க் குழந்தையும் நம் ஆள் என்று நினைத்தால் அங்கேயும் கொடுக்கத்தான் வேண்டும். எனக்குக் குறை வேறு இரண்டு இடத்தில். ஒன்று, ஒன்றிய அரசு செஸ், கூடுதல் வரி என்று வசூலிப்பதை மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை என்ற ஏற்பாடு. வீட்டுக்குப் பொதுவில் சம்பாதித்துவிட்டு ஒரு பகுதியைத் தனி டப்பாவில் போட்டுக்கொள்வது மாதிரி அது. இன்னொன்று தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகைக்கு ஏற்ப நாடாளுமன்றத் தொகுதிகளை மாநிலங்களுக்குத் திரும்பப் பங்கிடுவது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக்கூடாது என்றுதான் 1976ல் 1971 மக்கள்தொகைக் கணக்கோடு தொகுதி எண்ணிக்கையை நிறுத்தி வைத்தார்கள். 2001ல், 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தார்கள். பணத்தையும் கொடு, குரலையும் குறைத்துக்கொள் என்றால் எந்தக் குடும்பத்திலும் மனக்கசப்பு வரும். இதை உரக்கப் பேச வேண்டும், இந்த நாட்டுக்காரன் என்ற உரிமையோடு பேச வேண்டும்.

"எங்கள் தெரு முழுக்க வடநாட்டு ஆட்கள். பயமாக இருக்கிறது."
– இல்லத்தரசி, திருப்பூர்

உங்கள் பயத்தை நான் ஒதுக்கவில்லை அம்மா, தெரியாத மொழியில் பத்துப் பேர் சத்தமாகப் பேசினால் யாருக்கும் கொஞ்சம் கூச்சம் வரும். 2023 மார்ச்சில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகாரில் இருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த வாரத்தில் உங்கள் தெருவில் இருக்கும் பையன்களின் அம்மாக்கள் அங்கே எப்படிப் பயந்திருப்பார்கள்? அவர்களுக்கு நாம்தான் தெரியாத மொழிக்காரர்கள்.

கவுகாத்தியில் நான் வீடு தேடி அலைந்தபோது, தெற்கத்தி ஆள் என்று இரண்டு வீட்டில் இல்லை என்றார்கள். மூன்றாவது வீட்டு அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, சோறு வடிக்கப் பெரிய பாத்திரம் வேண்டுமா என்று கேட்டார். அவரிடம்தான் நான்கு வருடமும் இருந்தேன். இப்போது எந்த மாநில ரேஷன் கார்டாக இருந்தாலும் தகுதி உள்ளவர் எங்கும் அரிசி வாங்கலாம் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. அதைப் பாதிப் பேருக்குத் தெரியாது. எதிர் வீட்டுப் பையனுக்கு ரேஷன் கடை எங்கே என்று காட்டிவிடுங்கள், அடுத்த நாள் அவனே உங்களைப் பார்த்து அக்கா என்பான்.

"நாட்டைப் பிரிப்பது மொழியும் இல்லை, மதமும் இல்லை, சாதி. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே?"
– வாசகர், விழுப்புரம்

நியாயமான கோபம். என் ஒற்றை வரிப் பதிலில் அது இல்லாதது பெரிய ஓட்டை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கேட்டார்: ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடக்கிறவர்கள் எப்படி ஒரு தேசமாக முடியும்? நாம் ஏற்கெனவே ஒரு தேசம் என்று நம்புவது பெரிய மயக்கம் என்றார். அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, சமூக வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு, இந்த முரண்பாட்டோடு எவ்வளவு நாள் ஓட்டுவீர்கள் என்றும் கேட்டார். எழுபத்தைந்து வருடம் தாண்டியும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். மிசோரம் எவ்வளவு தூரம் என்று மூவாயிரம் கிலோமீட்டர்க் கணக்குச் சொல்கிற நாம், ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற அரைக் கிலோமீட்டரைக் கடக்கவில்லை. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்கு அடி வாங்கியவனிடம் போய், நாம் எல்லோரும் இந்தியர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவன் புகார் கொடுக்கப் போகும்போது கூடப் போய் நிற்க முடியும், அதைச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும்.

"என்னோடு விடுதியில் இருக்கும் நாகாலாந்துத் தோழியிடம் கடைக்காரர், ஆட்டோக்காரர், பேராசிரியர்கூட 'நீ எந்த நாடு?' என்று கேட்கிறார்கள். அவள் அழுதுவிட்டாள். நான் என்ன செய்யலாம்?"
– கல்லூரி மாணவி, சென்னை

படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன் அம்மா. 2012 ஆகஸ்டில் வதந்தியை நம்பிப் பெங்களூரில் இருந்து வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் ரயில் ஏறிப் போனார்கள். நாம் அடிக்கமாட்டோம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வரவில்லை, அதற்கு நாம்தானே காரணம்? 2007ல் டெல்லி போலீஸ், வடகிழக்கு மாணவர்களுக்கு ஒரு கையேடு போட்டு, மூங்கில் குருத்து, அகுனி (புளிக்க வைத்த சோயா) மாதிரி வாசனை வரும் சாப்பாட்டை அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் சமைக்கச் சொன்னது. கருவாடு வறுத்ததற்கு வீட்டைக் காலி செய்யச் சொன்ன அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது, நமக்கு அந்த வலி புரிய வேண்டாமா?

அடுத்த தடவை யாராவது கேட்டால் அவள் பதில் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள், என் ஊர்ப் பெண்தான் என்று. விடுதிச் சமையலறையில் இடம் கிடைத்தால் ஒரு நாள் அவளை அகுனி வைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நீங்கள் கருவாட்டுக் குழம்பு வையுங்கள். அப்புறம் எனக்கு ஒரு உதவி: அவள் ஊரின் பெயரை அவர்கள் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று கேட்டு, தமிழில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவள் ஒரு கேள்வி அனுப்பினால், ஊர்ப் பெயரைத் தப்பில்லாமல் போட வேண்டும்.